சர்க்கரையாக இருக்கட்டும்

போவுவா,
18 அக்டோபர் 1981

அன்பு மகள் லுசீலியாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம். ஆகவே, எல்லோரும் சுகம். உன் அப்பா சுகம், அவருடைய இருமல் அவரைவிடச் சுகம். சாளைதான் இந்த வருஷம் எலும்பும் தோலுமாக வருகிறது. அதை வாங்க வருகிறவர்கள் மட்டும் கொழுத்துப்போய் வந்து பேரம் பேசுகிறார்கள்.

நீ லக்ஸம்பர்க்கிலிருந்து அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. உன் அப்பா தொட்டுப் பார்த்து நல்ல மெத்தென்று இருக்கிறது என்றார். நானும் போட்டுக்கொண்டேன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

போன மாதம் நடந்ததைப் பக்கத்துக் கடை அல்சீரா உனக்கு எழுதியிருப்பாள். மீன் கூடையைக்கூட மூடி வைப்பாள், வாயை மூட மாட்டாள். அவள் கதை கட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மீன் ஏலக்கூடத்திலிருந்து தலையில் கூடையோடு லாபா மாதா கோவில் வரை நடந்து வந்திருக்கிறேன், ஒற்றைச் செருப்போடு. மற்றது வழியில் கழன்றது எனக்குத் தெரியவில்லை. அல்சீரா அதைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து என் காலடியில் வைத்தாள். நான் போட்டுக்கொண்டேன். வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். நம் ஊரில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். மீனைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், மழை வரும் போலிருக்கிறது என்றார்கள்.

உன் மாமா பல்தசாரை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது கைக்குழந்தை. அவனுக்கும் செருப்பில்தான் தொடங்கியது. பிறகு சூடு தெரியவில்லை, அடுப்புக்கல்லில் காலை வைத்துவிட்டுப் பொசுங்கிய வாடை வந்தபின் எடுத்தான். பிறகு சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கடைசியில் உன் அப்பா அவனை முதுகில் சுமந்துகொண்டு பூசைக்குப் போவார். முப்பத்தாறு வயதில் அடக்கம் செய்தோம். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். ஊரில் அந்த நோய்க்குக் குட்டிப் பாதம் என்று செல்லப்பேர் வைத்திருக்கிறார்கள். பேரைக் கேட்டால் தொட்டிலில் போட்டு ஆட்டலாம் போலிருக்கும்.

நம் ஊர் வழக்கப்படி கடைசிப் பிள்ளைக்குத்தான் வீடும் வீட்டுக் குறியும். படகில், பாயில், கல்லறையில் அப்பா போட்ட குறியை, மூத்த பிள்ளைகள் கூட்டுகிற கோடு இல்லாமல், அப்படியே போடும் உரிமை எனக்குத்தான் வந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருத்தரைத்தான் அந்த நோய் எடுக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல்தசாரைப் புதைத்த அன்று, பங்கு பிரித்தாயிற்று, வீடு எனக்கு, கால் அவனுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தொரு வயதில் செருப்பு கழன்றபோது முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, டெஸ்டுக்கு வருகிறேன். விரல் மரக்கிறது என்று வசந்தத்தில் ஒரு தடவை எடுத்தார்களே, அதே போர்த்தோ ஆஸ்பத்திரி, அதே டாக்டர் செக்கெய்ரா, அதே ஐஸ்கட்டிக் கை. கட்டிலில் படுக்க வைத்துக் காலில் தகடு ஒட்டிக் கரண்ட் விடுகிறார். கால் தானாகக் குதிக்கிறது. நான் இத்தனை வருஷம் மீனுக்குச் செய்ததை எனக்கு யாரோ செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. பிறகு சதையில் ஊசியைக் குத்தி வைத்துக்கொண்டு பாதத்தை மடக்கு, நீட்டு என்கிறார். பெட்டியில் ஓடும் கோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். வசந்தத்தில் இருந்ததைவிட நரம்பு படுத்திருக்கிறதாம்.

இனிமேல்தான் நல்ல செய்தி. என் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது! கொஞ்சநஞ்சமல்ல, நிறைய. சர்க்கரையும் இதே மாதிரிதான் காலை மரக்கச் செய்யுமாம். அப்படியானால் எனக்கு அது இல்லையா என்று கேட்டேன். டாக்டர் சொன்னார்: “ரெண்டுல எதுன்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டும் கால்லதான் ஆரம்பிக்கும்.” எனக்கு அது போதும். மறுநாள் சந்தையில் கடைக்குக் கடை நின்று எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்றவர்கள் ஒளித்து வைக்கிற வியாதியை நான் லாட்டரி விழுந்தவள் மாதிரி சொல்கிறேன் என்று அல்சீரா கேலி செய்கிறாள். செய்யட்டும். மாதாவே, சர்க்கரையாகவே இருக்கட்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

நாளைக்கு நீ வாழப்போகிற ஆர்மிந்தோவின் வீட்டில் யாராவது கேட்டால் நீயும் அதையே சொல். அம்மாவுக்குச் சர்க்கரை. அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

குளிரில் தலையை நனைக்காதே. உன் அப்பா ஒரு முத்தம் கொடுக்கச் சொன்னார், இரண்டாக எழுதுகிறேன்.

உன் அம்மா,
ஃபெலிஸ்மினா


போவுவா,
25 ஏப்ரல் 1982

அன்பு லுசீலியா,

உன் மாமியாராகப் போகிறவர் வந்துவிட்டுப் போனார். முன்கூட்டிச் சொல்லாமல், மீன் வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர்கள் உருளைக்கிழங்கு போடும் ஜனங்கள், பார்செலோஸிலிருந்து இவ்வளவு தூரம் ஒரு கிலோ சாளைக்காக யாரும் வர மாட்டார்கள். மீனைப் பார்க்கவே இல்லை. என் பாவாடை விளிம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேண்டுமென்றே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சந்தையின் ஈரத் தரையில் போய்த் திரும்பி வந்தேன். கீழே பார்த்துப் பார்த்து நடந்தேன், விழவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்து பாயசச் சோறு வைத்தேன், மேலே பட்டைத்தூளில் ஒரு இதயம் போட்டு. எனக்கு ஒரு வாய்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார்: “கோவிச்சுக்காதீங்க. கடக்கரையில பொண்ணு எடுக்கிறதுன்னா எங்க பக்கம் யோசிப்பாங்க. ஏதோ கால் கதை ஒண்ணு சொல்றாங்களே.” நான் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, எனக்குச் சர்க்கரைதான், வேறொன்றுமில்லை, டாக்டரே சொன்னது என்றேன். அந்த அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவர் வீட்டுக்காரருக்கும் சர்க்கரையாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேகவைத்த முட்டைக்கோசைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, சம்பந்தியம்மா என்று கூப்பிட்டார். எர்மெலிந்தா நல்ல மனுஷிதான். கிழங்கு தின்றாலும் மனசு மோசமில்லை.

ஆகஸ்டில் மாதா பெருவிழாவுக்கு மறுநாள் கல்யாணம் என்று பேசி முடித்தோம். படகுகளில் கட்டின தோரணத்தை அவிழ்க்காமல் வைத்திருக்கலாம், செலவு மிச்சம் என்கிறார் உன் அப்பா. அவர் மகளின் கல்யாணத்தை மாதா செலவில் நடத்தப் பார்க்கிறார்.

போன வாரம் மூன்றாவது டெஸ்ட். டாக்டர் செக்கெய்ரா இந்தத் தடவை கரண்டைக் கூட்டி விட்டார், கால் முன்பு மாதிரி குதிக்கவில்லை. கணுக்காலில் நரம்பிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். சர்க்கரைக்காரியின் காலில் கத்தி வைத்தால் புண் ஆறுமா டாக்டர் என்று கேட்டேன். யோசித்தார், வற்புறுத்தவில்லை. பார்த்தாயா, சர்க்கரை எவ்வளவு உதவியாக இருக்கிறது.

ஆனால் விடவில்லை மனுஷன். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: “ஒரு வருஷம் சர்க்கரையைக் கட்டி வைங்க, தோனா ஃபெலிஸ்மினா. கட்டி வச்சா நரம்பு அங்கயே நிக்கணும், இல்ல கொஞ்சம் தேறணும். கட்டி வச்சும் படுத்துக்கிட்டே போனா, அது சர்க்கரை இல்ல.” அது இல்லை என்றால் எது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று மட்டும் கேட்டார். ஒரே மகள், வெளிநாட்டில் இருக்கிறாள் என்றேன். அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். செத்த மீனைப் புரட்டுவது போல, எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே கண்.

சர்க்கரையைக் கட்டி வைப்பேன் என்று டாக்டருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கும் கொடுக்கிறேன். ஈஸ்டருக்கு அல்சீரா முட்டை கேக் கொண்டுவந்தாள். திருப்பி அனுப்பினால் மனது கஷ்டப்படுவாள் என்று வாங்கி வைத்தேன். அது தீர்ந்துவிட்டது.

கல்யாணத் துணியை அங்கேயே தைத்துக்கொள். இங்கே தையற்காரி ஊர்க்கதை கேட்டுக்கொண்டே இடுப்பை அளவெடுப்பாள், இரண்டும் தப்பாகப் போகும்.

அன்போடு,
அம்மா


போவுவா,
7 நவம்பர் 1982

அன்பு லுசீலியா, அன்பு மருமகன் ஆர்மிந்தோ,

கல்யாணப் படங்கள் வந்தன. ஒன்றில் நான் நடனம் ஆடுகிறேன். யார் எடுத்தது? மேலே மட்டும் எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்குப் புண்ணியம். உன் அப்பா என்னை எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று படத்தில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் விரல்கள் என் இடுப்பில் நீலமாகப் பதிந்திருந்தன.

ஆர்மிந்தோ, இதற்குக் கீழே நீ படிக்காதே, பெண்கள் சமாசாரம்.

லுசீலியா, நான்காவது டெஸ்ட் ஆயிற்று. கரண்ட், ஊசி, பெட்டிக்குள் கோடு. இரண்டு கண்ணாடிக் குழாய்களில் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் வைத்து மாற்றி மாற்றித் தொட்டு, எது சூடு, எது குளிர் என்று கேட்டார்கள். முழங்காலுக்குக் கீழே நான் குருட்டாம்போக்கில் சொன்னேன். பாதிக்குப் பாதி சரியாக வந்திருக்கும். நரம்பு இன்னும் படுத்திருக்கிறது. சர்க்கரையும் ஏறியிருக்கிறது, அதுவும் தாறுமாறாக. டாக்டர் செக்கெய்ரா அப்படி ஒரு திட்டுத் திட்டினார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் என்ன கொலை செய்தேன் என்று எட்டிப் பார்த்தார்கள். இப்படி இருந்தால் அவரால் எதையும் பிரித்துச் சொல்ல முடியாதாம், எல்லாவற்றையும் சர்க்கரைமேல்தான் போட வேண்டுமாம். போடுங்கள் டாக்டர் என்றேன். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் முட்டாள் இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உன் அப்பா யாரையாவது பிடித்து எழுதச் சொல்வார். மாதா சுரூபத்துக்குத் தூசி தட்டுகிறேன் என்று போனவர், அதற்குப் பின்னால் இனிப்புப் பால் டப்பா ஒன்றைக் கண்டுபிடித்தார். கரண்டியும் உள்ளேயே இருந்தது. வீட்டில் வேறு ஆணைக் கண்டுபிடித்திருந்தால்கூட அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டார். சத்தம் ஓய்ந்த பிறகு தரையில் உட்கார்ந்து, வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உனக்குச் சாகணும்னா சொல்லு, கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்படிக் கரண்டி கரண்டியா எதுக்கு?” டாக்டர் சொன்ன கணக்கு அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவரும் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் டப்பாவை எடுத்துப் போகாமல் அங்கேயே திருப்பி வைத்தார். மாதா முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைவு. அவர் ராத்திரி எழுந்து என் பாதத்தைப் பார்க்கிறார், நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு. போன வாரம் குதிகாலில் தூண்டில் முள் ஏறியிருந்ததை அப்படித்தான் கண்டார். எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. சந்தைக்குப் போய் வியாபாரம் பண்ணி, திரும்பி வந்து சமைத்தும் இருக்கிறேன். அவர் அதைப் பிடுங்கும்போது அழுதார். எனக்கு வலிக்கவே இல்லையே, எதற்கு அழுகிறாய் என்று கேட்டேன். அதற்கு இன்னும் அழுதார். புண் ஆற நாள் பிடிக்கிறது. கண்ணும் சாயங்காலத்தில் கொஞ்சம் மங்குகிறது, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நீ கவலைப்படாதே. சர்க்கரைக்காரர்கள் எண்பது வயது வரை இருக்கிறார்கள். எர்மெலிந்தா சம்பந்தி கிறிஸ்துமஸுக்கு வருகிறார். அவருக்குப் பாலில் தோய்த்த ரொட்டி பொரித்து வைக்க வேண்டும், அவர் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே வியாதிதான் என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.

இருவரும் ஒருவரையொருவர் கோபித்துக்கொள்ளாமல் இருங்கள்.

அம்மா


போவுவா,
23 ஜனவரி 1983

என் மகளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நீ மாசமாக இருக்கிறாய் என்ற வரியைப் படித்தவுடன் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தாள். உன் அப்பா வெளியே போய், வயதை மறந்து, குடித்துவிட்டு வந்தார். கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது பக்கத்தில் வேடிக்கையாக ஒன்று எழுதியிருந்தாயே, துணி வெளுக்கும் கூடத்திலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை ஒற்றைச் செருப்போடு போய்விட்டாய் என்று, ஒரு பெண் மற்றதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள் என்று, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள் என்று. அந்த இடம் வந்ததும் நான் நிறுத்தாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அவருக்கு எழுத்துத் தெரியாததை நினைத்து முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

அங்கே சிரித்தார்களா? நல்லது. சிரிக்கிற ஊரிலேயே இரு.

செருப்பு உனக்கு அளவு பெரிதாக இருக்கும். வேலைக்காரர்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில்தான் கொடுப்பார்கள். பட்டை வைத்து, பின்னால் மாட்டுகிற செருப்பாக வாங்கிக்கொள், பணம் போனால் போகட்டும். மாசமாக இருப்பவளுக்குக் கால் மரத்துப் போவதும் உண்டு. குழந்தை ஒரு பக்கமாக அழுத்தினால் அப்படி ஆகும். உன்னைச் சுமந்தபோது எனக்கும் ஆகியிருக்கலாம், இப்போது ஞாபகமில்லை. அங்கே குளிர் வேறு. இவ்வளவு காரணம் இருக்கிறது பார், நான் ஒரு மூச்சில் எழுதிவிட்டேன்.

அந்தப் பால் டப்பாவைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததிலேயே உனக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். ஆமாம், தின்றேன். டப்பா மட்டுமல்ல. காப்பிக் கடையில் மற்றவர்கள் போடாமல் வைத்துவிட்டுப் போகும் சர்க்கரைப் பொட்டலங்களைக்கூட எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வந்து, வெறும் வாயில் கொட்டிக்கொண்டேன். எனக்கு இனிப்பே பிடிக்காது, உனக்குத் தெரியும். டாக்டருக்குப் பதில் கிடைத்துவிடக் கூடாது என்று தின்றேன். பதில் இல்லாதவரை உன் பேரை யாரும் எடுக்க முடியாது. கல்யாணம் நடக்கும், நீ சிரிப்பாய், உன் வயிற்றில் ஒன்று வளரும். அதற்கு என் இரண்டு கால் பெரிதா? கண்ணையும் சேர்த்துக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஆனால் இப்போது எனக்கே பதில் வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். சர்க்கரையைக் கட்டி வைத்து, என் காலில் உணர்வு கொஞ்சம் திரும்பிவிட்டால், எனக்கு வந்தது சர்க்கரைதான். எனக்குச் சர்க்கரைதான் என்றால் உன் செருப்பு வெறும் செருப்பு. நீ சிரித்தது சரி. இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

டப்பாவை உன் அப்பாவிடமே கொடுத்தேன். கழுவுகிற தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து அதையும் கழுவினார். ஏன் இந்தத் திடீர் ஞானம் என்று கேட்டார். பேரப்பிள்ளையைப் பார்க்கக் கண் வேண்டாமா என்றேன். மாதாவை மறுபடி அறைப் பக்கம் திருப்பி வைத்தார்.

அம்மாவுக்காக ஒன்று செய். அங்கே கர்ப்பிணிகளைப் பார்க்கும் டாக்டரிடம் போகும்போது சர்க்கரையும் பார்க்கச் சொல். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சிலருக்குச் சர்க்கரை வரும், அதனால் காலும் மரக்கும் என்கிறார்கள். பார்த்துவிட்டு உடனே எழுது.

உன்னைத் தொட்டு முத்தமிடும்,
அம்மா


போவுவா,
26 ஜூன் 1983

என் லுசீலியா,

தெருவெல்லாம் மீனவர்களின் புனிதர் இராயப்பர் திருநாளுக்குக் காகிதப் பூ கட்டிவிட்டார்கள். வாசலுக்கு வாசல் சாளை சுடுகிறார்கள், இந்த வருஷம் நல்ல கொழுப்பு. உன் அப்பா வடக்குத் தெருக்காரர்களோடு வழக்கம்போலச் சண்டை போட்டுவிட்டு, வழக்கம்போல அவர்களோடேயே உட்கார்ந்து குடிக்கிறார்.

சர்க்கரை பார்த்தார்கள், ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷமாக எழுதியிருந்தாய். இன்னொரு தடவை பார்க்கச் சொல். முதல் தடவையிலேயே எல்லாம் தெரிந்துவிடாது, எனக்கு எத்தனை தடவை பார்த்தார்கள்.

நான் ஜனவரியிலிருந்து வேகவைத்த மீனும் கோசும்தான். சோளரொட்டியில் ஒரு துண்டு, அதையும் உன் அப்பா அறுத்துத்தான் கொடுப்பார். செவ்வாய்க்கிழமை போர்த்தோவுக்குப் போனேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் செக்கெய்ராவே நம்பவில்லை, வேறு யாருடைய ரத்தமோ என்று கேட்டார். சர்க்கரை அப்படியே கட்டுக்குள் இருக்கிறது. நரம்பு டெஸ்டுக்குக் கட்டிலில் ஏறும்போது, பள்ளிக்கூடத்தில் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தேன்.

தகடு ஒட்டினார்கள். எனக்கு அவர் கை ஜில்லென்று இருக்கும் என்று ஞாபகம், அதனால் ஜில்லென்று இருக்கிறது டாக்டர் என்று சொன்னேன். அவர் பெட்டியில் ஏதோ திருகினார். இப்போது கரண்ட் வரும் என்று எனக்குத் தெரியும், இத்தனை தடவை எடுத்தவளுக்குத் தெரியாதா. அவர் கை திருகியவுடன் நான் காலை உதறிக்கொண்டு, ஆ, வலிக்கிறது என்று கத்தினேன். நல்லபடியாகத்தான் கத்தினேன். அவர் கையை எடுத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“தோனா ஃபெலிஸ்மினா, நான் இன்னும் கரண்டே குடுக்கல.”

பிறகு கொடுத்தார். கூட்டினார், இன்னும் கூட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது கத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் அந்தக் கட்டில்மேல் யாருடையதோ போலக் கிடந்தது.

இந்தத் தடவை அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தகட்டை அவரே எடுத்தார், காலுறையை அவரே குனிந்து மாட்டிவிட்டார். உங்கள் மகளுக்கு என்ன வயது என்று கேட்டார். இருபத்தைந்து என்றேன். நீ மாசமாக இருப்பதைச் சொல்லவில்லை. அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்டேன். இனிமேல் அவ்வளவு அடிக்கடி வர வேண்டாம் என்றார்.

ரயிலடியில் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் ரயில்பெட்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். காப்பிக் கடைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். காப்பி வந்ததும், சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து என் கோப்பையில் கொட்டினார். தன் பொட்டலத்தையும் கொட்டினார். கரண்டியை எடுத்து அவரே கலக்கி என் பக்கம் தள்ளினார். நான் குடித்தேன். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உன் செருப்புக் கதையை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

பிள்ளைப்பேற்றுக்கு நான் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். வருவேன். உன் வீடு மூன்றாம் மாடி என்கிறாய், ஆர்மிந்தோ என்னைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும், கிழங்கு தின்ற உடம்பு தாங்கும். ஸ்டேஷனுக்கு நீயே வா. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் ரயிலிலிருந்து இறங்கி வரும்போது என் நடையைப் பார்க்காதே. நானும் உன் நடையைப் பார்க்க மாட்டேன். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.

அங்கே ஆஸ்பத்திரியில் யாராவது குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், அம்மாவுக்குச் சர்க்கரை என்று சொல். அது பொய்யில்லை, எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. உனக்கு இன்னொரு தடவை பார்க்கச் சொல், மகளே. பிள்ளை பிறந்த பிறகும் பார்க்கச் சொல்.

லாபா மாதா உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காக்கட்டும். தினமும் மெழுகுவர்த்தி ஏற்றி, எனக்காகக் கேட்டதையே இப்போது உனக்காகக் கேட்கிறேன். உனக்குச் சர்க்கரை இருக்கட்டும்.

உன் அம்மா,
ஃபெலிஸ்மினா